கிருனா ரயில் நிலையம் இடம் மாறிய கதை

சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் சுமார் 140 கி.மீ. வடக்கே, கிருனா என்ற சுரங்க ஊர் இருக்கிறது. ஸ்டாக்ஹோமிலிருந்து வரும் இரவு ரயில் மறுநாள் அங்கே வந்து நின்றதும் ஒரு வேலை தொடங்கும். இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாக ஓட்டிப்போய், வண்டியின் மறுமுனையில் பூட்டுவார்கள். பிறகு வண்டி வந்த திசையிலேயே திரும்பிக் கிளம்பும். கொஞ்ச தூரம் போய் முதன்மைப் பாதையில் ஏறி, நார்வேயின் நார்விக் துறைமுகத்தைப் பார்த்து ஓடும்.

பாதையின் நடுவிலிருக்கும் ஊருக்கு எதற்கு இந்த வேலை? 2013 வரை இது தேவைப்பட்டதே இல்லை. வண்டிகள் ஒருபக்கம் வந்து மறுபக்கம் போயின. நிலையம் இருந்த நிலம் சுரங்கத்தால் உறுதியற்றதாக ஆனது. இரும்புத்தாது போகும் பாதையை மலைக்கு அந்தப் பக்கமாக மாற்றிப் போட்டார்கள். பயணிகளுக்குப் பழைய பாதையின் மிச்சத் துண்டு ஒன்று கிடைத்தது. நூற்றிருபது வருடங்களுக்கு மேலான இந்தப் பாதையின் வரலாற்றை எங்கே தொட்டாலும் இதே வரிசைதான் தெரிகிறது: முதலில் தாது, அப்புறம் ஆட்கள்.

கிருனாவாரா, லுவோசாவாரா என்ற இரண்டு குன்றுகளிலும் இரும்பு இருப்பது 1800களுக்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனாலும் யாரும் தொடவில்லை. தூரம் ஒரு காரணம், பாஸ்பரஸ் இன்னொரு காரணம். இந்தத் தாதுவில் அபடைட் என்ற பாஸ்பரஸ் கனிமம் கலந்திருக்கிறது. அன்றைய உலைகளில் அதை நீக்க வழியில்லை. பாஸ்பரஸ் தங்கிய எஃகு குளிரில் கண்ணாடிபோல் உடையும். 1870களின் இறுதியில் இங்கிலாந்தில் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ், உலையின் உள்சுவரைக் காரத்தன்மையுள்ள கல்லால் பூசி, சுண்ணாம்பு சேர்த்துப் பாஸ்பரஸைக் கசடோடு வெளியேற்றிக் காட்டினார். அதுவரை வீண் என்று ஒதுக்கிய மலைகளுக்கு ஒரே இரவில் விலை வந்தது. ரயில்பாதைக்கான உரிமம் கேட்டு 1880களிலேயே ஆட்கள் வரிசையில் நின்றதன் காரணம் இதுதான்.

முதலில் வந்தது ஓர் ஆங்கிலேய நிறுவனம். போத்னியா வளைகுடாவின் லூலியோ துறைமுகத்திலிருந்து நாட்டுக்குள் பாதை போட்டது. மால்ம்பெரியெட் சுரங்கத்திலிருந்து முதல் தாது வண்டி 1888இல் லூலியோ போய்ச் சேர்ந்தது. மறுவருடமே நிறுவனம் திவாலானது. போட்ட பாதையும் மட்டமான வேலை; பெரும்பகுதியைப் பிறகு சீர்செய்ய வேண்டியிருந்தது. 1891இல் சுவீடன் அரசே அதை வாங்கியது. லூலியோவுக்கு இன்னொரு குறையும் உண்டு: குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும். அந்தக் காலத்தில் வருடத்தில் பல மாதங்கள் கப்பல் வராது. மேற்கே நார்வேக் கடற்கரையிலோ, வெப்ப நீரோட்டத்தின் தயவால் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேயும் கடல் உறைவதில்லை. ஆகவே மலைத்தொடரைத் தாண்டி நார்விக் வரை பாதை போட 1898இல் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் முடிவெடுத்தன. 1899இல் தண்டவாளம் கிருனாவைத் தொட்டது. 1902இல் எல்லையைக் கடந்து தாது நார்விக் போகத் தொடங்கியது. 1903 ஜூலை 14 அன்று மன்னர் இரண்டாம் ஆஸ்கர் எல்லையிலுள்ள ரிக்ஸ்கிரான்சென் நிலையத்தில் பாதையை முறைப்படி திறந்துவைத்தார்.

லூலியோவிலிருந்து நார்விக் வரை மொத்தம் 473 கி.மீ. அதில் கிருனாவுக்குக் கிழக்கே 300 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், மேற்கே 170 கி.மீ. சொச்சம். கிட்டத்தட்ட முழுவதும் ஒற்றைப் பாதை. இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் தானாகப் புரியும்.

ஊரும் ரயிலும் ஒன்றாகவே வந்தன. 1900இல் கிருனா நகரம் பிறந்தது. சுரங்க நிறுவனமான எல்.கே.ஏ.பி.யின் முதல் கிருனா மேலாளர் யால்மார் லுண்ட்பூம் ஒரு நிலவியலாளர். மற்ற சுரங்க ஊர்களைப் போலக் குடிசைக்காடாக இது ஆகிவிடக்கூடாது என்று முனைந்து, பெர் ஊலோஃப் ஹால்மன் என்ற நகர வடிவமைப்பாளரிடம் திட்டம் வாங்கினார். தெருக்கள் நேர்கோட்டில் ஓடாமல் சரிவை ஒட்டி வளைந்து போகும். காற்று நீளமாக அடிக்க வழியில்லாதபடி செய்த ஏற்பாடு அது. ஊர் மூன்று பகுதிகளாக இருந்தது: நிறுவனத்தின் பகுதி, நகராட்சிப் பகுதி, ரயில்வே பகுதி. மூன்றுக்கும் வேறுவேறு சொந்தக்காரர்கள், வேறுவேறு விதிகள். ரயில்வே பகுதியில் ரயில்வே ஊழியர்களின் வீடுகள், இன்ஜின் கொட்டகை, சரக்குத் தளங்கள் எல்லாம் தனி உலகம். மேட்டிலிருந்த ஊருக்கும் சுரங்கத்துக்கும் இடையே, லுவோசாயார்வி ஏரியை ஒட்டிய தாழ்வான சமதளத்தில்தான் நிலையத்தை வைத்தார்கள். கனத்த வண்டிகள் நின்று கிளம்பச் சரிவில்லாத தரை வேண்டும். மலையோரத்தில் அப்படிப்பட்ட தரை ஏரிக்கரையில்தான் கிடைக்கும். அந்த இடத் தேர்வில் அன்று யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. மண்ணுக்கடியில் தாது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற கேள்விக்கும் நிலையத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று 1899இல் எவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் தாதுவை மேலிருந்து வெட்டியெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செங்கல்லில் கட்டிய, பலரும் படங்களில் பார்த்திருக்கும் நிலையக் கட்டிடம் 1915இல் வந்தது. அதே ஆண்டு இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது: கிருனா முதல் ரிக்ஸ்கிரான்சென் வரை மின்சார ரயில். உலக அளவில் இவ்வளவு நீளத்துக்கு, இவ்வளவு கனத்த சரக்கை, இவ்வளவு குளிரில் மின்சாரத்தில் இழுப்பது அப்போது துணிச்சலான வேலை.

நீராவியை விட்டதற்கு மூன்று காரணங்கள். சுவீடனில் நிலக்கரி மிகக் குறைவு. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கி வடக்கே கொண்டுவர வேண்டும். அடுத்தது தண்ணீர். மைனஸ் முப்பது டிகிரியில் தொட்டியும் குழாயும் உறையாமல் காப்பது ஓயாத போராட்டம். மூன்றாவதுதான் முக்கியம்: ஒற்றைப் பாதையில் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்ட ஒரு வரம்பு உண்டு, ஆகவே ஒவ்வொரு வண்டியும் அதிகம் இழுக்க வேண்டும், வேகமாக ஏற வேண்டும். மின்சாரத்துக்காக, இதே பாதையிலுள்ள யெல்லிவாரே ஊருக்குத் தென்மேற்கே காட்டுக்குள் போர்யுஸ் என்ற இடத்தில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். அங்கே சாலையே இல்லை. ரயில்பாதை எட்டும்வரை சுமைக்காரர்கள் ஏறத்தாழ 50 கி.மீ. தூரம் முதுகில் சுமந்துதான் சாமான்களைச் சேர்த்தார்கள்.

மின்கம்பியில் ஓடியது 15,000 வோல்ட், ஆனால் அதிர்வெண் வெறும் 15 ஹெர்ட்ஸ். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஏன் எடுக்கவில்லை என்றால், அன்றைய ரயில் மோட்டார்கள், சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையமும் அதை உரசும் கார்பன் பிரஷ்ஷும் கொண்டவை. அதிர்வெண் ஏற ஏற பிரஷ் தொடும் இடத்தில் தீப்பொறி கூடும், செம்பு கருகும். குறைந்த அதிர்வெண் அதைத் தவிர்த்தது. பின்னாளில் இது 16⅔ ஹெர்ட்ஸாக ஏறியது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நார்வே ரயில்களும் இதே குடும்பம்தான். 1923க்குள் லூலியோ முதல் நார்விக் வரை முழுப் பாதையும் மின்கம்பிக்கடியில் வந்துவிட்டது.

பாதையின் உண்மையான வல்லமை நார்வேப் பக்கத்துச் சரிவில் தெரியும். எல்லையை ஒட்டி பாதை கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து 40 கி.மீ. சொச்சத்தில் கடற்கரைக்கு இறங்குகிறது. ஆயிரம் மீட்டருக்குப் பதினேழு மீட்டர் வரை இறக்கம். இறங்கும் வண்டி தாது நிறைந்தது, ஏறும் வண்டி காலி. இந்தச் சாதகத்தை முழுசாகப் பயன்படுத்துகிறார்கள். இறங்கும்போது இன்ஜினின் மோட்டார்களே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன. இறங்கும் வண்டி தரும் மின்சாரம், காலி வண்டி மறுபடி எல்லை வரை ஏறப் போதுமானது. பிரேக் கட்டைகளும் தப்பிக்கின்றன. எட்டாயிரம் டன்னை வெறும் கட்டை உரசலில் பிடித்துக்கொண்டு நாற்பது கி.மீ. இறங்கினால் சக்கரங்கள் சூடேறி, விளிம்பில் விரிசல் விழும்.

வண்டியின் கனம் எப்படி வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும், நிலையத்தின் விதியை அதுதான் தீர்மானித்தது. 1960கள் முதல் ஓடிய டிஎம்3 இன்ஜின் மூன்று துண்டுகளைச் சேர்த்தது, 7,200 கிலோவாட். நீராவி இன்ஜினைப்போலச் சக்கரங்களை இணைதண்டுகளால் கோத்திருப்பார்கள். அது 52 வேகன்களை இழுத்தது, மொத்தம் சுமார் 5,200 டன். 2000க்குப் பிறகு வந்த ஐஓஆர்இ இரட்டை இன்ஜின் 10,800 கிலோவாட், 360 டன். அது இழுப்பது 68 வேகன்கள். ஒவ்வொன்றிலும் 100 டன் தாது. வண்டி நீளம் சுமார் 750 மீட்டர், எடை எட்டாயிரத்து ஐந்நூறு டன்னை ஒட்டி. அச்சு ஒன்றுக்கு 30 டன்னுக்கு மேல். இந்திய ரயில்வேயில் பெரும்பாலான சரக்குப் பாதைகளில் அச்சு எடை 22.9 டன் என்பதை வைத்துப் பார்த்தால் தண்டவாளம் படும் பாடு விளங்கும்.

இவ்வளவு இழுவைக்கு ஐரோப்பாவில் வழக்கமான திருகுக் கொக்கி தாங்காது, அறுந்துவிடும். ஆகவே 1969 முதல் சோவியத் ரயில்வேயின் எஸ்ஏ-3 தானியங்கிக் கப்ளிங்கைப் போட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் இப்படிச் செய்த பாதைகள் அபூர்வம். இதன் பின்விளைவு, தாது இன்ஜினால் சாதாரணப் பயணிகள் வண்டியை நேரடியாகப் பூட்டி இழுக்க முடியாது. இடையில் இரண்டு வகைக்கும் பொருந்தும் இணைப்புக் கொக்கி வேண்டும். நடுவழியில் பழுதாகி நிற்கும் வண்டியை மீட்கும்போது இந்தச் சிறு வேறுபாடு பெரிய தாமதமாகிவிடும்.

அடுத்தது குளிர். வெல்டிங் செய்து ஒரே நீளமாக்கிய தண்டவாளம் சுருங்க முடியாமல் பிடிபட்டுக் கிடக்கும். அதனால் வெப்பநிலை இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2.4 நியூட்டன் இழுவிசை அதற்குள் ஏறும். 15 டிகிரியில் பூட்டிய தண்டவாளம் மைனஸ் 35க்குப் போனால் வித்தியாசம் 50 டிகிரி. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் அது 90 டன்னுக்கு மேற்பட்ட இழுவை. வெல்டிங்கில் நூலளவு குறை இருந்தால் அந்த இடத்தில் அறுந்துபோகும். அதற்கு மேல் 30 டன் அச்சு ஒன்று தட்டிக்கொண்டே போகிறது. அறுந்ததை மின்சுற்று காட்டிக்கொடுக்கும், சிக்னல் சிவப்பாகும். ஆட்கள் போய், தண்டவாளத்தைச் சூடாக்கி இழுத்து நீட்டி, துண்டு போட்டு வெல்டிங் செய்வார்கள். வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்ட்களில் பனி புகுந்து, அவற்றின் நகரும் நாக்கு முழுசாக ஒட்டாமல் போவது இன்னொரு தொல்லை. அதற்கு மின்சூடேற்றிகள் உண்டு. ஓடும் வண்டியின் அடியிலிருந்து கழன்று விழும் பனிக்கட்டி பாயிண்டுக்குள் சிக்கினால் சூடேற்றியும் உடனே உருக்காது. ஈரமான தாதுத்தூள் வேகனில் ஒரே பாறையாக உறைந்துபோவதும் உண்டு. தாதுவை உருண்டைகளாகச் சுட்டு அனுப்பத் தொடங்கியபின் அந்தச் சிக்கல் குறைந்தது. எல்லைப் பகுதியில் பனிச்சரிவும் குவிபனியும் விழும் இடங்களில் தண்டவாளத்துக்கு மேல் கூரையே போட்டிருக்கிறார்கள்.

பயணிகள் வண்டிகள் இந்தப் பெரிய வண்டிகளின் சந்துகளில்தான் ஓடுகின்றன. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் சந்திக்க வேண்டுமானால் கிராசிங் நிலையத்தில் ஒன்று ஒதுங்க வேண்டும். 750 மீட்டர் வண்டி ஒதுங்க அதைவிட நீளமான லூப், அதாவது பக்கத் தண்டவாளம், வேண்டும். எல்லா நிலையத்திலும் அது இருக்காது. எனவே ஒதுங்குவது பெரும்பாலும் சிறிய வண்டி. நிறைந்த தாது வண்டி மணிக்கு 60 கி.மீ.; அதை நிறுத்தி மறுபடி கிளப்புவது நேரமும் மின்சாரமும் தின்னும் வேலை. அதற்கு முன்னால் யாரையும் போகவிட மனம் வராதது இயல்புதான். ஆனாலும் 1984 வரை கிருனாவிலிருந்து நார்விக் போகச் சாலையே கிடையாது என்பதை மறக்கக்கூடாது. அபிஸ்கோ, ரிக்ஸ்கிரான்சென் போன்ற இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு மளிகை, கடிதம், மருத்துவர் எல்லாம் இந்த நிலையத்தைக் கடந்தே போயின. எண்பது வருடங்களுக்கு மேல் இந்தப் பாதைதான் அவர்களுக்குத் தெரு.

சரி, நிலையம் ஏன் போனது என்ற இடத்துக்கு வருவோம்.

கிருனாவாரா தாதுத் தகடு ஏறத்தாழ 4 கி.மீ. நீளம், சராசரியாக 80 மீட்டர் தடிமன். நிலத்துக்குள் சுமார் 60 டிகிரி சாய்வில் இறங்குகிறது, இரண்டு கி.மீ. ஆழம் வரையாவது இருக்கிறது. சாய்வு கிழக்கே, அதாவது ஊரின் அடியை நோக்கி. 1960களில் திறந்தவெளி வெட்டு முடிந்து எல்லாம் நிலத்தடிக்குப் போனது. அங்கே கையாளும் முறை இது: தாதுவுக்குள் குறுக்கே பல சுரங்கவழிகள் வெட்டுவார்கள். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் உயர வித்தியாசம் முப்பது மீட்டரை ஒட்டி. ஒவ்வொரு வழியின் கூரையிலிருந்தும் விசிறிபோல் மேல்நோக்கித் துளைகள் போட்டு வெடிமருந்து நிரப்புவார்கள். ஒரு விசிறி வெடித்தால் சுமார் 10,000 டன் தாது சரியும். அதை அள்ளியபின் மூன்று மீட்டர் பின்னுக்கு வந்து அடுத்த விசிறி. வெடிப்பது நள்ளிரவுக்குப் பிறகு, ஒன்றரை மணி அளவில். ஊரே அந்த அதிர்வுக்குப் பழகியது.

காலியான இடத்தை எதையும் போட்டு நிரப்புவதில்லை. மேலே தொங்கும் பாறை தானாக இடிந்து இறங்கி அந்த இடத்தை அடைக்கும். அப்படி அடைக்க வேண்டும் என்பதே இந்த முறையின் கணக்கு. தூண்களாக விட்டுவைத்தால் தாது வீண். சிமெண்ட் கலந்து நிரப்பினால் டன்னுக்கு ஆகும் செலவு தாதுவின் விலைக்கு ஒத்துவராது. ஆக, மேலே நிலம் இறங்குவதை விபத்து என்று சொல்ல முடியாது. வருடத்துக்கு 2.5 கோடி டன்னுக்கு மேல் பாறையை எடுக்கும் முறையோடு சேர்ந்தே வருவது அது.

எவ்வளவு தூரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 டிகிரி சாய்வில் 100 மீட்டர் ஆழம் போனால் தாது 58 மீட்டர் ஊர்ப்பக்கம் நகரும். அங்கிருந்து மேல்நோக்கிப் பாறை முறியும் கோணமும் ஏறத்தாழ அறுபது என்று வைத்துக்கொண்டால், நிலத்தின்மேல் விரிசல் விழும் கோடு இன்னொரு 58 மீட்டர் தள்ளி வரும். மொத்தம் 115 மீட்டர் சொச்சம். வெட்டிய தாதுவைச் சேர்த்து மேலே அனுப்பும் முதன்மைத் தளம் 1,045 மீட்டரிலிருந்து 1,365 மீட்டருக்கு இறங்கும்போது விரிசல் கோடு 370 மீட்டர் ஊரை நோக்கி நடக்கிறது. விரிசலுக்கு முன்பாகவே நிலம் இழுபட்டுச் சாயும் பகுதி இன்னும் அகலம். சுரங்கத்துக்கும் ஊருக்கும் நடுவிலிருந்த நிலையத்தைத்தான் இந்தக் கோடு முதலில் எட்டியது.

கட்டிடங்களை எப்போது காலிசெய்ய வேண்டும் என்பதற்குக் கிடைமட்ட இழுவை ஆயிரத்தில் மூன்று என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், அதாவது மீட்டருக்கு 3 மி.மீ. ரயில்பாதை அதைவிட நுணுக்கமானது. வெறும் பாதையானால் மெதுவான இறக்கத்தைச் சமாளிக்கலாம். ஜல்லியைக் குத்தி உயர்த்தி மட்டம் பிடித்துவிடுவார்கள். நிலைய வளாகத்தில் அது நடக்காது. பாயிண்ட் ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் கணக்கில் வார்த்த வடிவம்; அதன் ஒருமுனை இழுபட்டால் நாக்கு மூடாது. பிளாட்பார விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளி நிலையானது. இரண்டும் வேறுவேறாக நகர்ந்தால் பெட்டி உரசும், இல்லாவிட்டால் பயணி கால்வைக்கும் இடம் அகலமாகிவிடும். எல்லாவற்றையும்விட ஆபத்து முறுக்கல். இரண்டு தண்டவாளங்களின் மட்ட வித்தியாசம் சில மீட்டருக்குள் மாறினால், வேகனின் நான்கு மூலைகளில் ஒன்று சுமையிழந்து, சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். வளைவில் காலி வேகன் தடம்புரள இது போதும்.

2004இல் சுரங்க நிறுவனம் நகராட்சியிடம் ஊர் நகர வேண்டியிருக்கும் என்று சொன்னது. செலவைச் சுரங்க நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். முதல் வேலையாகச் செய்தது ரயில்பாதையை மாற்றியதுதான். கிருனாவாராவின் மேற்குப் பக்கமாக, தாது சாயும் திசைக்கு எதிர்ப்புறத்தில், புதுப்பாதை போட்டு 2012இல் திறந்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் சரியான தேர்வு. தாதுவின் கீழ்ப்பக்கத்துப் பாறை இடிந்து இறங்குவதில்லை. சுரங்கம் எவ்வளவு ஆழம் போனாலும் அந்தப் பக்கம் கிழக்கைப்போல் நகராது. தாது நிரப்பும் யார்டும் அருகில். ஒரே குறை, அங்கே மனிதர்கள் இல்லை. ஊர் மலைக்கு இந்தப் பக்கம்.

பழைய நிலையம் 2013இல் மூடப்பட்டது. பழைய பாதையின் தென்பகுதியை எடுத்துவிட்டார்கள். வடபகுதி மட்டும் புதுப்பாதையோடு ஒட்டிய கிளையாக மிஞ்சியது. அதன் நுனியில், பழைய நிலையத்துக்கு ஒன்றரை கி.மீ. அளவு வடக்கே, தற்காலிக நிலையம் ஒன்று: எளிமையான பிளாட்பாரம், சிறிய காத்திருப்புக் கட்டிடம், நகரத்துக்குப் பேருந்து. தெற்கிலிருந்து வரும் வண்டி மலையைச் சுற்றி, ஊரைத் தாண்டி வடக்கே போய், அங்கிருந்து பின்னால் திரும்பி இந்த நுனிக்கு வர வேண்டும். நார்விக் போக மறுபடி திரும்ப வேண்டும். இருமுனையிலும் ஓட்டுநர் அறை உள்ள வண்டியானால் ஓட்டுநர் நடந்துபோய் மறுமுனையில் உட்கார்ந்தால் போதும். இன்ஜின் இழுக்கும் இரவு ரயிலுக்கு முழு வேலையும் உண்டு: காற்றுக்குழாய்களின் அடைப்பான்களை மூடுவது, குழாயையும் கொக்கியையும் கழற்றுவது, இன்ஜினைச் சுற்றிக்கொண்டுபோய் மறுமுனையில் பூட்டுவது, காற்றழுத்தத்தை 5 பார் வரை ஏற்றுவது, பிரேக் போட்டுக் கடைசிப் பெட்டிவரை பிடிக்கிறதா என்று பார்ப்பது, விடுவித்து மறுபடி பார்ப்பது. கோடையில் இது கால்மணி நேர வேலையாக இருக்கலாம். மைனஸ் முப்பதில் ரப்பர் குழாய் கம்பிபோல் விறைத்திருக்கும். இணைப்பின் வாயில் பனிக்கட்டி இருந்தால் காற்று கசியும், அழுத்தம் ஏறாது; காற்றிலுள்ள ஈரம் வால்வில் உறைந்தால் ஒரு பெட்டியின் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தத் தாமதத்தில் எதிரே வரும் தாது வண்டிக்கு ஒதுக்கிய இடம் தவறிப்போகும். அதோடு கால அட்டவணை கலைந்துவிடும்.

தற்காலிகம் என்று வைத்தது பத்தாண்டைக் கடந்து நிற்கிறது. இதற்கிடையே ஊர் எதிர்ப்பக்கம் போய்விட்டது. புது நகர மையம் பழையதற்குச் சுமார் 3 கி.மீ. கிழக்கே. புதிய நகர மண்டபம் 2018இல் திறந்தது. பழைய மண்டபத்தின் மணிக்கூண்டை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2022 செப்டம்பரில் மையம் முறைப்படி திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் 1912ஆம் ஆண்டின் மரத் தேவாலயத்தை, 672 டன் எடையோடு அப்படியே தூக்கி, 5 கி.மீ. நகர்த்தி வைத்தார்கள். மண்டபத்துக்கும் தேவாலயத்துக்கும் கொடுத்த கவனத்தில் பாதி நிலையத்துக்குக் கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. ரயிலுக்காகவே பிறந்த ஊரில் ரயிலைவிட்டு இறங்கியவர் பேருந்துக்குக் காத்து நிற்பது நியாயமில்லை.

தீர்வு எளிது என்றும் சொல்லமாட்டேன். கிழக்கே புது மையம் வரை கிளைப்பாதை போட்டால் அதுவும் முட்டுச்சந்துதான். திரும்பும் வேலை ஓயாது, தூரம் கூடும். முதன்மைப் பாதையின் ஓரத்திலேயே நிலையம் வைத்தால் வண்டி திரும்ப வேண்டாம், ஆனால் ஊர் எட்டாது. முட்டுச்சந்தே வேண்டுமானாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் நேராக நுழைய முக்கோண இணைப்பு போடலாம். அப்போது தெற்கிலிருந்து வருபவை வடக்கே போய்த் திரும்ப வேண்டியதில்லை. எதைச் செய்தாலும் இரண்டு விஷயங்கள் கட்டாயம்: தாது வண்டியின் வழியை மறிக்காமல் பயணிகள் வண்டி நிற்கத் தனித் தண்டவாளம், இரவு ரயிலின் முழு நீளத்துக்கும் காற்று மறைப்புள்ள பிளாட்பாரம்.

இந்த வடபகுதியின் பழங்குடிகளான சாமி மக்களின் குரலும் இந்தக் கணக்கில் வர வேண்டும். கிருனாவைச் சுற்றி லேவாஸ், காப்னா என்ற கலைமான் மேய்ப்புச் சமூகங்கள் இருக்கின்றன. மலைக்கும் காட்டுக்கும் இடையே பருவந்தோறும் மந்தைகள் நகரும் வழிகளைச் சுரங்கமும் பாதையும் சாலையும் ஏற்கனவே நறுக்கிவிட்டன. குளிர்காலத்தில் ஆழ்ந்த பனியைவிடத் துப்புரவான தண்டவாளத்தில் நடப்பது மானுக்கு எளிது; எட்டாயிரம் டன் வண்டியால் சட்டென்று நிற்க முடியாது. புதிதாக ஒவ்வொரு கிளை போடும்போதும் வேலியும் மந்தை கடக்கும் இடங்களும் சேர்த்தே திட்டமிட வேண்டும். போட்டு முடித்தபின் யோசித்தால் மான்கள் வழக்கமான இடத்திலேயே கடக்கும்.

ஒற்றைப் பாதையை நம்பியிருப்பதன் விலை 2023 டிசம்பரில் தெரிந்தது. எல்லைக்கு அருகே வாசியௌரே பக்கத்தில் தாது வண்டி ஒன்று தடம்புரண்டு, ஏறத்தாழ 15 கி.மீ. பாதையைக் கிழித்துப்போட்டது. தடம்புரண்ட சக்கரம் உடனே தெரியாமல் ஓடினால் அவ்வளவு தூரமும் ஸ்லீப்பர்கள் நொறுங்கிக்கொண்டே வரும். நடுக்குளிரில், இருட்டில், பனிக்கடியிலிருந்து உடைந்ததை எடுத்துப் புதிதாகப் போட இரண்டு மாதம் ஆனது. 2024 பிப்ரவரியில் திறந்த சில நாட்களிலேயே இன்னொரு வண்டி தடம்புரண்டது. தாது மட்டும் நின்றுவிடவில்லை. ஆஸ்லோவிலிருந்து வடநார்வேக்கு உணவுப்பொருட்களும், அங்கிருந்து தெற்கே மீனும் சுவீடன் வழியாகக் கிருனாவைத் தாண்டியே ரயிலில் போகின்றன. அவையெல்லாம் லாரிக்கு மாறின.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பழைய பயண நூல்களில் நிலையத்திலிருந்து ஊருக்கு நடந்தே ஏறலாம் என்று இருந்தால் நம்ப வேண்டாம். பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நார்விக்கில் அடுத்த பயணத்துக்கு முன்பதிவு செய்திருந்தால் நடுவே சில மணி நேரம் விட்டு வையுங்கள். கிருனாவில் வண்டி திரும்பும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் திசையும் மாறும். நார்விக் போகும் திசையில் தோர்னெத்ரெஸ்க் ஏரியும், எல்லைக்கு அப்பால் ரொம்பாக் கடற்கழியும் வலது கைப்பக்கம் வரும். டிக்கெட் எடுக்கும்போது அந்தப் பக்கத்து ஜன்னலைக் கேளுங்கள்.